கப்பலுக்குப் பிறகு வ.உ.சி.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல மேட்ச் பாக்குற நமக்கு வ.உ.சி.ன்னா கப்பலும் செக்கும்தான். அதுக்கு அப்புறம் நடந்ததை யாரும் அதிகம் பேசுறதில்ல.

1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் அவர். 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருஷம் சூரத்தில் காங்கிரஸ் மிதவாத அணி, தீவிர அணி என்று உடைந்தது. இவர் திலகர் பக்கம் நின்றார். 1908-ல் கைதானதும் திருநெல்வேலியே கொந்தளிச்சுது. தீர்ப்பு இரட்டை ஆயுள், மேல்முறையீட்டில் குறைந்தது.

1912 டிசம்பரில் விடுதலை. அப்போ கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை, சிறை வாசலில் வரவேற்க பெரிய கூட்டமும் இல்லை. குடும்பத்தைக் காப்பாத்த சென்னையில் மளிகைக் கடை வைத்தார்.

1920 ஆகஸ்டில் திலகர் இறந்தார். அடுத்த மாதமே கல்கத்தா மாநாட்டில் காந்தியின் ஒத்துழையாமைத் தீர்மானம் ஜெயித்தது. அந்த வழியை ஏத்துக்க முடியாம வ.உ.சி. காங்கிரஸை விட்டு விலகினார். 1927-ல் சேலம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கத் திரும்பி வந்தார். பழைய செல்வாக்கு திரும்பி வரல.

1936 நவம்பர் 18 அன்று இறந்தார். கடைசி நேரத்தில் தன்னைத் தூக்கிட்டுப் போகச் சொன்ன இடம், தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகம்.