வேலையே வேண்டாம் என்று திரும்பி வந்த நூலகர்

நூலகர் வேலைக்குப் படிப்பு எதற்கு, புத்தகத்தில் முத்திரை குத்தி அலமாரியில் அடுக்குவதுதானே என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அதையே ஒரு பட்டப்படிப்பாக வளர்த்தவரும் முதலில் அந்த வேலை பிடிக்காமல் ஓடி வந்தவர்தான். அவர் பெயர் சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன்.

தஞ்சைச் சீமையில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். திக்குவாய் இருந்தும் வகுப்பறை என்றால் அவருக்கு உயிர்.

சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு ஆள் தேடியது. சம்பளம் கூடுதல் என்பதால் விண்ணப்பித்தார். விண்ணப்பித்தவர்கள் சுமார் 900 பேர். யாருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது, இவருக்கும் இல்லை. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். பெரிய கட்டடம், நிறையப் புத்தகம், ஆனால் பேச ஆளில்லை! ஒரு வாரம் தாங்கவில்லை. பழைய கல்லூரி முதல்வரிடம் போய், ஆசிரியர் வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். லண்டன் போய் நூலகப் படிப்பைப் படித்துப் பார், அப்போதும் பிடிக்காவிட்டால் உன் இடம் உனக்குத்தான் என்று முதல்வர் வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாக்கை நிறைவேற்றும் தேவையே வரவில்லை.

லண்டனில் படித்ததோடு நில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தோட்டக்காரரும் தொழிலாளியும் பிள்ளைகளும் உள்ளே வந்து படிப்பதைக் கண்டதுதான் அவர் மனத்தை மாற்றியது என்று நான் நினைக்கிறேன். அங்கே ஒரு கடையில், துண்டு துண்டான பாகங்களைத் திருகி விதவிதமான பொம்மை செய்யும் விளையாட்டுச் சாமானையும் பார்த்தார். கணிதக்காரரின் மூளை வேலை செய்தது. ரப்பர் மரத்துக்கு வரும் நோய் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு ஓர் எண், நோய்க்கு ஓர் எண், நாட்டுக்கு ஓர் எண். இவற்றைக் கோர்த்தால் அலமாரியில் அந்தப் புத்தகத்தின் இடம் தெரிந்துவிடும். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை இப்படிப் பிறந்ததுதான். ஊர் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த நூலகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் கெட்டிக்கார நூலகர் என்ற பெயரோடு முடிந்திருக்கும். தனக்குக் கிடைத்த பயிற்சிக்கு மற்றவர்கள் கடல் கடக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் கோடைக்காலச் சான்றிதழ் வகுப்பு தொடங்கினார். 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. புத்தகம் பூட்டி வைக்கும் சொத்தல்ல, பயன்படுத்தத்தான் என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் நூலும் அந்த ஆண்டில்தான் வந்தது. 1937இல், ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு ஓராண்டு முழுநேர டிப்ளோமா. பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம் சென்றார். நூலகவியலில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்ட ஆய்வும் அங்கே அவர் காலத்தில் தொடங்கின.

முதலில் கணிதமோ வரலாறோ படி, அதற்கு மேல் நூலகவியல் படி. இந்தியாவில் நூலகவியல் இளங்கலையை இன்றும் பெரும்பாலும் இன்னொரு பட்டத்துக்குப் பிறகே படிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இரட்டைச் சுமை என்று பெற்றோர் முணுமுணுக்கலாம். ஆனால் ஒரு துறையையாவது உள்ளே போய்ப் பார்க்காதவர், அந்தத் துறையின் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பார்?

ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைத் தம் மனைவி சாரதாவின் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். நூலகவியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்று அங்கே அமைய வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

1962இல், 70 வயதில், பெங்களூரில் ஆவணப் பயிற்சி ஆய்வு மையத்தைத் தொடங்கி மறுபடியும் மாணவர்களோடு உட்கார்ந்தார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் அந்த ஊரிலேயே காலமானார்.