வேலை மறுக்கப்பட்ட இளைஞர் எழுப்பிய பந்தய சாம்ராஜ்யம்: என்சோ ஃபெராரியின் வாழ்க்கை

முதல் உலகப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டின் குளிர்காலம். இத்தாலியின் டுரின் நகரில் உள்ள ஃபியட் நிறுவனத்தில் வேலை கேட்டு 20 வயது இளைஞர் ஒருவர் சென்றார். ராணுவத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் கொடுத்த பரிந்துரைக் கடிதம் மட்டுமே அவர் கையில் இருந்தது. போர்முனையிலிருந்து திரும்பியோர் அனைவருக்கும் வேலை அளிக்க இயலாது எனக் கூறி நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பியது. அருகிலிருந்த பூங்காவின் இருக்கையில் தனியே அமர்ந்து அழுததாக அவர் பின்னாளில் தனது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார்.

அந்த இளைஞர்தான் என்சோ ஃபெராரி. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே ஃபியட் நிறுவனம் அவரைத் தேடி வந்து, அவரது நிறுவனத்தின் பாதிப் பங்குகளை வாங்கியது. அன்றும் அவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அது பந்தய அணியின் மீதான அதிகாரம்.

பட்டறையில் தொடங்கிய பயணம்

வடக்கு இத்தாலியின் மொடெனா நகரில் 1898 பிப்ரவரியில் என்சோ பிறந்தார். தந்தை ஆல்ஃபிரெடோ உலோகப் பட்டறை நடத்தி வந்தார். பத்து வயதில் தந்தையுடன் பொலோனியா நகருக்குச் சென்று கண்ட கார் பந்தயம் சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1916-ஆம் ஆண்டு குடும்பத்தைப் புரட்டிப் போட்டது. தந்தை நிமோனியாவால் இறந்தார். அதே ஆண்டில் ஒரே அண்ணனும் நோய்க்குப் பலியானார். பட்டறை மூடப்பட்டது. ராணுவத்தில் சேர்ந்த என்சோவுக்கு மலைப்பகுதிப் பீரங்கிப் படையில் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிக்கும் பணி தரப்பட்டது. கடும் நோயுற்றதால் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

ஃபியட் கைவிட்ட பின் சிறிய நிறுவனங்களில் பணியாற்றிய அவர், 1919-இல் பந்தய ஓட்டுநராகக் களமிறங்கினார். அடுத்த ஆண்டே ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்துக்காக ஓட்டத் தொடங்கி, சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார்.

1923-இல் ராவென்னா நகருக்கு அருகே நடந்த பந்தயத்தில் வென்றபோது, போரில் உயிர்நீத்த இத்தாலிய விமானி ஃபிரான்செஸ்கோ பராக்காவின் தந்தையுடன் அவருக்கு அறிமுகம் ஏற்பட்டது. தமது மகனின் விமானத்தில் இருந்த துள்ளும் குதிரைச் சின்னத்தைக் காரில் பொறித்துக்கொள்ளுமாறு விமானியின் தாய் கூறியதாக என்சோ குறிப்பிட்டுள்ளார். சொந்த ஊரான மொடெனாவின் மஞ்சள் நிறத்தைப் பின்னணியாகச் சேர்த்து, அதனை அவர் தமது அணியின் முத்திரையாக்கினார்.

சொந்தப் பெயருக்கும் தடை

1929-இல் மொடெனாவில் 'ஸ்குடேரியா ஃபெராரி' என்ற பந்தய அணியை என்சோ நிறுவினார். அது அப்போது கார் தயாரிக்கும் நிறுவனம் அல்ல. ஆல்ஃபா ரோமியோ கார்களைப் பந்தயத்துக்குத் தயார்படுத்தி இயக்கும் அணி மட்டுமே. 1932-இல் மகன் டினோ பிறந்த பிறகு, கார் ஓட்டுவதை அவர் நிறுத்திக்கொண்டார். 1935-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில், வலிமை மிகுந்த ஜெர்மன் கார்களை அவரது அணியின் டாட்சியோ நுவோலாரி பழைய ஆல்ஃபா ரோமியோ காரில் முந்தியது பந்தய உலகை வியக்கவைத்தது.

ஆயினும் பந்தயப் பணிகளை ஆல்ஃபா ரோமியோ தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது உரசல் முற்றியது. 1939-இல் என்சோ வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குத் தமது பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை அவர் மீது விதிக்கப்பட்டது. எனவே 1940-இல் அவர் உருவாக்கிய முதல் காரில் ஃபெராரி என்ற பெயரே இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இயந்திரக் கருவிகளைத் தயாரித்த அவரது தொழிற்சாலை, 1943-இல் மொடெனாவை அடுத்த மாரனெல்லோவுக்கு மாறியது. அங்கும் குண்டுகள் விழுந்தன. சேதத்தைச் சீர்செய்து, 1947 மார்ச் 12 அன்று ஃபெராரி பெயர் தாங்கிய முதல் காரை அவரே தொழிற்சாலையிலிருந்து ஓட்டிச் சென்றார். 125 எஸ் என்ற அந்தக் காரில் 12 சிலிண்டர்கள் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சின் இருந்தது. மே மாதம் பியாசென்சாவில் நடந்த முதல் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த கார் எரிபொருள் பம்பு கோளாறால் நின்றது. இரண்டே வாரங்களில் ரோம் நகரப் பந்தயத்தில் அதே கார் வென்றது.

1949-இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி வாகை சூடியது. 1951-இல் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் களத்தில், தம்மை வளர்த்தெடுத்த ஆல்ஃபா ரோமியோவை வீழ்த்தி முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றது. 1952, 1953 ஆண்டுகளில் ஆல்பெர்டோ அஸ்காரி உலக சாம்பியன் ஆனார்.

சாலையில் ஓடும் கார்களை விற்பது என்சோவுக்கு முதன்மை நோக்கமாக இருந்ததில்லை. செல்வந்தர்களுக்கு அவற்றை விற்றுக் கிடைத்த பணம் பந்தயத்துக்கே செலவிடப்பட்டது.

வேகம் கேட்ட விலை

1956 ஜூன் 30 அன்று, தசைச் சிதைவு நோயால் அவதியுற்ற மகன் டினோ 24 வயதில் காலமானார். நோய்ப்படுக்கையிலும் ஆறு சிலிண்டர் எஞ்சின் குறித்துப் பொறியாளர்களுடன் விவாதித்தவர் அவர். அந்த எஞ்சினுக்குத் தந்தை மகனின் பெயரையே சூட்டினார்.

அத்துயரம் ஆறுவதற்குள் அடுத்த பேரிடி விழுந்தது. 1957 மே 12 அன்று, இத்தாலியின் பொதுச் சாலைகளில் சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம் நடைபெறும் மில்லே மிலியா பந்தயத்தில், ஸ்பெயினைச் சேர்ந்த அல்ஃபோன்சோ தெ போர்டாகோ ஓட்டிய ஃபெராரி காரின் டயர் வெடித்தது. கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட்டுநரும் உடன் சென்றவரும் இறந்தனர். சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் பலியாயினர். அவர்களில் ஐவர் சிறுவர்கள். பந்தயத்துக்கு அத்துடன் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. உயிரிழப்புக்குக் காரணமானதாக என்சோ மீது வழக்குத் தொடரப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே அவர் விடுவிக்கப்பட்டார்.

இழப்புகள் அத்துடன் நிற்கவில்லை. 1958-இல் லூயிஜி முஸ்ஸோ, பீட்டர் காலின்ஸ் ஆகிய ஃபெராரி ஓட்டுநர்கள் ஒரு மாத இடைவெளியில் பந்தய விபத்துகளில் உயிரிழந்தனர். தன் பிள்ளைகளையே விழுங்கும் தொன்மக் கடவுளுக்கு அவரை ஒப்பிட்டு வாடிகன் நாளேடு கண்டித்தது. 1961-இல் மோன்ஸா களத்தில் வோல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸும் பார்வையாளர்கள் 15 பேரும் மாண்டனர்.

என்சோ பந்தயங்களை நேரில் காண்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார். பொதுவெளியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதராகவே உலகம் அவரை அறிந்தது. மகனின் கல்லறைக்குச் செல்வதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். ஆனால் அடுத்த பந்தயத்துக்கான காரை உருவாக்கும் பணி ஒருபோதும் நிற்கவில்லை. அதை உறுதி என்பதா, இரக்கமின்மை என்பதா என்ற கேள்வி அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

விற்காத ஒன்று

செலவு கட்டுக்கடங்காமல் போனதால், 1963-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்துக்குத் தொழிற்சாலையை விற்க அவர் பேச்சு நடத்தினார். பந்தயச் செலவுகளுக்கும் ஃபோர்டின் ஒப்புதல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் கண்டதும் பேச்சை முறித்துக்கொண்டார். சினமுற்ற ஃபோர்டு சொந்தமாகப் பந்தயக் கார் தயாரித்தது. 1960 முதல் 1965 வரை தொடர்ந்து ஆறு முறை லே மான்ஸில் வென்ற ஃபெராரியின் ஆதிக்கத்தை 1966-இல் அது முடிவுக்குக் கொண்டுவந்தது.

1969-இல் ஃபியட் 50 சதவீதப் பங்குகளை வாங்கியது. சாலைக் கார்களின் தயாரிப்பு ஃபியட்டின் பொறுப்பானது. பந்தய அணி என்சோவிடமே இருந்தது. ஃபோர்டு தர மறுத்ததை, ஒரு காலத்தில் தமக்கு வேலை தர மறுத்த ஃபியட்டிடம் அவர் பெற்றார். அதன் பயனாக 1975, 1977 ஆண்டுகளில் நிக்கி லௌடாவும், 1979-இல் ஜோடி ஷெக்டரும் உலக சாம்பியன் ஆயினர்.

குடும்ப வாழ்விலும் ஒரு மௌனம் நீண்டது. மணவாழ்வுக்கு வெளியே 1945-இல் பிறந்த மகன் பியரோவை, மனைவி லாரா 1978-இல் இறந்த பிறகே அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

1987-இல், நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டையொட்டி எஃப் 40 கார் அறிமுகமானது. என்சோவின் மேற்பார்வையில் வெளிவந்த கடைசிக் கார் அதுவே. 1988 ஆகஸ்ட் 14 அன்று, 90 வயதில் அவர் மொடெனாவில் காலமானார். நல்லடக்கம் முடிந்த பின்னரே செய்தி வெளியிடப்பட்டது. ஏற்கெனவே செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஃபியட்டின் பங்கு 90 சதவீதமாக உயர்ந்தது. எஞ்சிய 10 சதவீதம் பியரோவிடம் தங்கியது.

நான்கு வாரங்களுக்குப் பிறகு மோன்ஸாவில் இத்தாலிய கிராண்ட் பிரீ நடைபெற்றது. அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் அணி தோற்றது அன்று மட்டுமே. முதல் இரு இடங்களைப் பிடித்தவை, கெர்ஹார்ட் பெர்கரும் மிக்கேலே அல்போரெட்டோவும் ஓட்டிய ஃபெராரி கார்கள்.