கொலஸ்ட்ராலுக்கு வைட்டமின் சி மருந்தா? 2 நோபல் வாங்கியவர் சறுக்கிய இடம்!

யாருடனும் பகிராமல் தனியாகவே 2 நோபல் பரிசு வாங்கியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான், அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங். 1954-ல் வேதியியலுக்கு. அடுத்து அணுகுண்டு சோதனைகளை எதிர்த்ததற்காக, 1962-ம் ஆண்டுக்கான அமைதிப் பரிசு.

1901-ல் போர்ட்லாந்தில் பிறந்தவர். 40 வயதில் சிறுநீரக நோய் வந்தபோது, உப்பையும் புரதத்தையும் குறைத்த சாப்பாட்டு முறையால் மீண்டு வந்தார். உணவே மருந்து என்ற நம்பிக்கைக்கு விதை அங்கேயே விழுந்திருக்கலாம். 1960-களில் வைட்டமின் சி பக்கம் திரும்பினார். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம்கூடத் தேவைப்படாத சத்து அது. இவர் கடைசிக் காலத்தில் எடுத்துக்கொண்டதோ 18 கிராம்!

கொலஸ்ட்ரால் விஷயத்துக்கு வந்தபோது வயது 90-ஐ நெருங்கிவிட்டது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரிச்சுக்கும். மனுஷனால முடியாது. அது குறைந்தால் ரத்தக்குழாய் சுவர் பலவீனமாகும். கொலஸ்ட்ராலைச் சுமக்கும் லைப்போபுரோட்டீன்(ஏ) என்ற துகள், பஞ்சர் ஒட்டுற மாதிரி அங்கே போய் ஒட்டும். நாளடைவில் அதுவே அடைப்பாகும். மத்தியாஸ் ராத் என்ற மருத்துவருடன் சேர்ந்து பாலிங் முன்வைத்த விளக்கம் இது. கேட்க லாஜிக்காகத்தான் இருக்கு. நிரூபணம்தான் வரவில்லை.

1994-ல் புற்றுநோயால் இறந்தபோது பாலிங்குக்கு வயது 93. அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி சுமார் 8 வருஷம் சாப்பிட்டும் மாரடைப்பு குறையவில்லை. அளவு மீறினால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்து தனி.