வரவுப் பத்தியில் ஒரு வணிகர்

நிலம், உழைப்பு, மூலதனம் என்று உற்பத்திக் காரணிகளைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் விளக்கியவன் நான். அந்தப் பட்டியலில் எளிதில் அடங்காத ஒன்று உண்டு. குடியேறி வருபவர் உடன்கொண்டு வரும் மொழியறிவும் ஊர்த்தொடர்பும்தான் அது. ஃபுளோரன்ஸ் லூயி ஹைட்சீக்கின் வாழ்வு அதற்கு நல்ல சான்று.

இன்றைய ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில், லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாக 1749-இல் பிறந்தவர் அவர். துணி வணிகத்தின்பொருட்டு பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகருக்கு வந்து, அங்கேயே மணம் புரிந்து நிலைகொண்டார். 1785-இல் தம் பெயரில் ஷாம்பெயின் மது நிறுவனத்தைத் தொடங்கினார். அரசி மேரி அந்துவானெத்துக்குத் தம் மதுவை நேரில் அளித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

நான்கே ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அதைத் தொடர்ந்து நெப்போலியனின் போர்கள். அரசவையையும் பிரபுக்களையும் நம்பியிருந்த வணிகத்துக்கு அவை பேரிடர். எனினும் நிறுவனம் பிழைத்தது. ஜெர்மன் பேசும் நாடுகளிலும் ரஷ்யாவிலும் ஷாம்பெயினுக்குச் சந்தை விரிந்த காலம் அது. அங்கெல்லாம் மொழியறிந்து பேரம் பேச வல்லவர்கள் அவரிடம் இருந்தனர்.

நேரடி வாரிசு இல்லாத ஹைட்சீக், தாயகத்திலிருந்து தம் மருமகன்களை வரவழைத்துத் தொழில் பழக்கினார். அவர்களில் சார்ல்ஸ் ஆன்றி, 1811-இல் வெண்குதிரையேறி மாஸ்கோ வரை சென்று மது விற்றதாகக் கதை வழங்குகிறது. ஹைட்சீக் 1828-இல் மறைந்தார். சில ஆண்டுகளில் உறவினர் பிரிந்தனர். சார்ல்ஸ் ஆன்றியின் மகன் 1851-இல் தனியே கடை தொடங்கினார். ஒரே பெயர் மூன்று போட்டி நிறுவனங்களின் முத்திரையாயிற்று. மூன்றும் இன்று பிறர் கைக்கு மாறிவிட்டன. பெயரை மட்டும் எவரும் மாற்றவில்லை.

க்ரூக், போலிஞ்சர், மும், டொய்ட்ஸ் என்று பிரான்ஸின் பெருமையாகக் கொண்டாடப்படும் ஷாம்பெயின் பெயர்கள் பலவும் ஜெர்மானியருடையவையே. ஆனால் முதல் உலகப் போர் மூண்டபோது, பிரெஞ்சுக் குடியுரிமை பெறாதிருந்த மும் குடும்பத்தின் சொத்துகளை அரசு பறிமுதல் செய்தது. தலைமுறைகளின் உழைப்பைவிட ஒரு தாள் பெரிதாகிவிட்டது.

குடியேறுவோரைச் செலவுப் பத்தியில் மட்டுமே எழுதும் அரசியல் இன்று எங்கும் ஓங்குகிறது. கணக்கேட்டுக்கு வரவுப் பத்தியும் உண்டு. அதை நிரப்பத் தலைமுறைகள் ஆகும்; தேர்தலுக்குள் நிரம்பாது என்பதாலேயே அதை வெறுமையாக விட்டுவிடலாகாது.