குதிரைக்கு விற்கப்பட்ட சிறுவன்

அண்ணன்மாரால் விற்கப்பட்ட யோசேப்பின் சரித்திரம் நமக்கெல்லாம் தெரியும். அவனைப்போல விற்கப்பட்ட ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனை தேவன் எப்படி உயர்த்தினார், உயர்த்தினவரை மனுஷர் எப்படித் தள்ளினார்கள் என்று இந்த மாதம் பார்ப்போம். அவர்தான் சாமுவேல் அஜாயி கிரவுதர்.

இன்றைய நைஜீரியாவில், யொரூபா ஜனங்கள் வாழ்ந்த ஊர் ஒசோகுன். 1821-ல் அடிமை பிடிக்கிறவர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். சுமார் 12 வயதான அஜாயியையும் அவன் தாயையும் கயிற்றில் கட்டி இழுத்துப்போனார்கள். முதலில் அவனை எதற்கு மாற்றினார்கள் தெரியுமா? ஒரு குதிரைக்கு! தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். பல கைகள் மாறினான். செத்துப்போனால் போதும் என்றுகூட நினைத்தான். ஆனால் கர்த்தர் விடவில்லை. 1822 ஏப்ரலில் அவனை ஏற்றிய போர்ச்சுகீசியக் கப்பலை பிரிட்டிஷ் கடற்படை மடக்கியது. சியரா லியோனில் கொண்டுபோய் விடுதலையாக்கினார்கள்.

அங்கே படித்தான். இரட்சிக்கப்பட்டு, 1825-ல் ஞானஸ்நானம் பெற்றான். 1843-ல் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1846-ல் அபெயொகுட்டாவில் ஊழியம் செய்யப்போனபோது, 25 வருஷமாகக் காணாத தாயைக் கண்டார்! இருவருக்கும் பேச்சே வரவில்லை. 1848-ல் அந்தத் தாயும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வைத்த பெயர் அன்னாள். சாமுவேலின் தாய்க்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்!

யொரூபா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கப் பாடுபட்டார். 1864-ல் கான்டர்பரியில் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் இவரே.

தன்னை விடுவித்த தேசம் என்று பிரிட்டனை முழுசாய் நம்பினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவ வேண்டுமென்று 1851-ல் விக்டோரியா ராணியிடமே பேசினார். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். 1861-ல் லாகோஸ் பிரிட்டிஷ் காலனியாயிற்று. 1884-85-ல் பெர்லினில் வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவைப் பங்குபோட விதிமுறை வகுத்தன. அந்த மேஜையில் ஒரு ஆப்பிரிக்கர்கூட இல்லை! 1886-ல் நைஜர் நதிக்கரை ஒரு வியாபாரக் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

ஆளுகிற பெருமை சபைக்குள்ளும் நுழைந்தது. 1890-ல் இங்கிலாந்திலிருந்து வந்த வாலிப மிஷனரிகள், வயதுசென்ற பேராயரின் கறுப்பு ஊழியர்கள் பலரைக் குற்றப்படுத்தி நீக்கினார்கள். சிலரிடத்தில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் நியாயமாய் விசாரிக்காமல், பேராயரையே அவமதித்தார்கள். அவர் மனம் நொந்து அந்தக் கமிட்டியிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31-ல் லாகோஸில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் இடத்தில் ஒரு வெள்ளைக்காரரையே வைத்தார்கள்.

2014-ல், அவர் அபிஷேகம் பெற்று 150 வருஷம் ஆனபோது, அதே கான்டர்பரியில் ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயர் அந்த அநியாயத்துக்காக வருத்தம் தெரிவித்தார். எத்தனை காலம் கழித்துப் பாருங்கள்!

தேவபிள்ளைகளே, சங்கிலியை அறுத்தவர்களின் ஜனமே, பிறகு நாற்காலியைப் பிடுங்கிற்று. நிறமோ குலமோ பார்த்து தேவ ஊழியரை அளக்கிற ஆவி நம் நடுவிலும் உண்டா? ஒருவரை விடுவிப்பது ஒன்று, அவரைச் சகோதரனாய்ப் பக்கத்தில் உட்காரவைப்பது வேறு. இரண்டையும் செய்யக் கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்!