தொண்டர் வரலாறு தொகுத்த சேக்கிழார் பெருமான்

திருக்கோயில் திருச்சுற்றில் அறுபத்துமூவர் திருவுருவங்களை வணங்கும் அன்பர், அவர்தம் ஊரும் பேரும் திருத்தொண்டும் அறிந்து வணங்குதல், பெருமான் ஒருவர் ஆற்றிய அரும்பணியின் பயனாகும். அவரே தெய்வச் சேக்கிழார்.

தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில், வேளாண் மரபிற் சேக்கிழார் குடியில் தோன்றிய இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அருண்மொழித்தேவர் என்பது. அநபாயன் எனப் பெயர் பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழனுக்கு (1133–1150) முதலமைச்சராய் அமர்ந்து, உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்றார். மன்னன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருத்தல் கண்டு, இம்மைக்கும் மறுமைக்கும் உறுதி தருவது சிவனடியார் வரலாறே என அறிவுறுத்தினார். கேட்டு உருகிய மன்னன், அதனைக் காப்பியமாகப் பாடித் தருமாறு வேண்டினான் என்று சேக்கிழார் புராணம் கூறும்.

வேண்டுகோளை ஏற்றல் எளிது, நிறைவேற்றல் அரிது. அடியார் பலர் வாழ்ந்து நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. திருவாரூரிற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களே உடையது. அதில் அடியார் பலர்க்குப் பெயரும் ஓர் அடைமொழியுமே உண்டு. நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியோ அவர்தம் ஊரையும் செயலையும் சுருங்கச் சுட்டும். அதிலும் சில இடங்களில் உலகத்தார் இவ்வாறு கூறுவர் என்ற அளவிலேயே செய்தி நிற்கும். எஞ்சியவை செவிவழி வந்தவை. அவை ஊர்தோறும் வேறுபடும். அன்பின் மிகுதியால் வளர்தலும் உண்டு. இவற்றைப் பிழைபட இணைப்பின் அடியார்க்கு அபசாரமாகும். அன்றியும், மன்னன் விரும்பிய நூலை விலக்கிய அமைச்சர், அதனினும் ஐயத்துக்குரியதொன்றைத் தந்தார் என்னும் பழியும் சூழும்.

சேக்கிழார் கடைப்பிடித்த நெறி நூலினுள்ளேயே விளங்கும். தொகையின் வைப்புமுறையையே நூலின் அமைப்பாகக் கொண்டார். வகையாகிய அந்தாதியால் அதனை விரித்தார். அடியார்தம் திருப்பதிகங்களையும் தலங்களில் வழங்கிய செய்திகளையும் இடமறிந்து பொருத்தினார். சான்று எவ்வளவோ அவ்வளவே விரிவு. பதிகங்கள் பல கிடைத்தமையின் திருஞானசம்பந்தர் புராணம் 1256 திருவிருத்தங்களாக வளர்ந்தது. சுந்தரரைப் பெற்ற இசைஞானியார்க்கோ ஒரு திருவிருத்தமே அமைந்தது. நாவலரைப் பெற்ற அன்னை என்பதற்காகக் கற்பனையால் அவர் வரலாற்றை நீட்டினாரல்லர்.

திருநாளைப்போவார்க்கு ஆதனூர் ஊரென அந்தாதி காட்டியது. திருப்புன்கூரில் நந்தி விலகிய செய்தியைச் சேக்கிழார் அதனோடு இயைத்தார். அங்கே நந்தி விலகியிருத்தலை இன்றுங் காணலாம். மெய்ப்பொருள் நாயனார் உயிர் நீங்குங்காலத்தும், தம்மைக் குத்திய பொய்வேடத்தானைக் காத்தருளும்படி தத்தனைத் தடுத்த செய்தி அந்தாதியில் உண்டு. பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டும் அச்சொல்லை அடைமொழியாக்கியே அவர் படிமத்தைக் குறிக்கின்றது. சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அது நாடறிந்த வழக்காயிருந்தமை இதனாற் பெறப்படும்.

சிறுத்தொண்டர் அரசன்பொருட்டுப் படைநடத்தி வாதாபியை அழித்தார் என்றும் பாடினார். முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், 642-ஆம் ஆண்டில், பல்லவர் வாதாபியைக் கைப்பற்றினர். அவ்வூரிலேயே உள்ள பல்லவர் கல்வெட்டு அவ்வெற்றிக்குச் சான்றாகும். ஏறத்தாழ ஐந்நூறாண்டு கழித்துப் பாடிய புலவர், அப்போரை மறவாது போற்றிய வழக்கைக் கைவிடாது காத்தார்.

இத்தனை ஆராய்ந்தும் அவர் தம் அறிவையே நம்பித் தொடங்கினாரல்லர். தில்லையை அடைந்து கூத்தப்பிரானை வேண்ட, இறைவனே முதற்சொல் எடுத்துக் கொடுத்தருளினான். ஆயிரக்கால் மண்டபத்திருந்து பாடி, சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவேற்றினார். மன்னன் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றித் தானும் உடனிருந்து கவரி வீசினான். பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறையாயிற்று.

பெரியோர் வரலாறு கூறுவார், கிடைத்தவற்றை நிறுத்துப் பார்த்தலும், கிடையாதவிடத்து அடங்கி நிற்றலும் அடியார் வழிபாட்டின் பகுதியே என்பதைச் சேக்கிழார் பெருமான் திருவாழ்வு நமக்கு உணர்த்தும்.

திருச்சிற்றம்பலம்.