டி.டி.டி.யை எதிர்த்த வீராங்கனை

டி.டி.டி. பூச்சி மருந்தை உலகமே கொண்டாடியது. அதன் ஆபத்தை ஊரறியச் சொன்னவர் ஒரு பெண். அவர்தான் ராச்சேல் கார்சன்.

1907-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். விலங்கியல் படித்து, அரசாங்க மீன் இலாகாவில் வேலை பார்த்தார்.

சேவலுக்கு வந்த கேடு

1962-ல் "மௌன வசந்தம்" என்ற புத்தகத்தை எழுதினார். டி.டி.டி. கொடுக்கப்பட்ட இளம் சேவல்களின் விந்துச் சுரப்பிகள் 18 சதவிகிதமே வளர்ந்தன. விமானத்திலிருந்து மருந்து தெளித்தவர்களுக்கு விந்தணுக்கள் குறைந்தன. இந்த ஆராய்ச்சிகளை அதில் எடுத்துக் காட்டினார்.

மருந்துக் கம்பெனிகள் சீறின. கார்சனுக்கோ புற்றுநோய். அதை மறைத்துக்கொண்டு, 1963-ல் செனட் கமிட்டி முன் சாட்சி சொன்னார். 1964-ல், 56-வது வயதில் காலமானார்.

1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் பொருள் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது என்று 1995-ல் எலிகளிடம் கண்டறிந்தார்கள். கார்சன் அஞ்சியது வீண் அல்ல!